பத்துக்கு எட்டு

ஜூன் 4

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். நான் என் வீட்டுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். நாலு வருஷம் பூட்டிக் கிடந்த வீடு. குழாயைத் திறந்தால் முதலில் காற்று வந்தது, அப்புறம் துரு வந்தது, அதற்கப்புறம்தான் தண்ணீர். இரண்டு நாள் துடைத்துப் பெருக்கி மனுஷர் இருக்கிற இடமாக ஆக்கினேன். மூன்றாம் நாள் பழைய சலவைக் கடைக்குப் போய் நின்றேன். "எப்போ வர்றீங்க, நாளைக்கா, நாளன்னைக்கா"ன்னு மட்டும்தான் கேட்டார்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. துணி மடிக்கவும் இஸ்திரி போடவும் என்னை மாதிரி ஆள் அவர்களுக்கு இந்த நாலு வருஷத்தில் கிடைக்கவில்லையாம். நான் சொல்லவில்லை, அவர்கள் சொன்னது.

கையில் போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் பேசித்தானே நாம் கெட்டோம். "நாலு வருஷமா இந்தப் பேத்தி ஞாபகம் வரலையா உங்களுக்கு"ன்னு நான் கேட்டேன். "நான் ஸ்கூலை நடத்திக்கிட்டு இருந்தேன், உங்களை மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கலை"ன்னு நீங்கள் சொன்னீர்கள். அந்தச் சும்மா இன்னும் என் காதுக்குள்ளேயே இருக்கிறது. உங்களுக்கும் நான் சொன்னது அப்படித்தான் இருக்கும். எனக்கு நாக்கு முந்திக்கொள்ளும், கை முந்திக்கொள்ளாது. எழுதினால் ஒரு வார்த்தை எழுதி முடிப்பதற்குள் அடுத்த வார்த்தை வேண்டாம் என்று தோன்றிவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

என் மகன் வீட்டில் நமக்கென்று இருப்பது ஒரே ஒரு சின்ன அறை. கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். இரண்டு பாட்டிகளுக்கு அங்கே இடமில்லை. பேத்தி சில்லுவைப் பெரிய பள்ளிக்கூடத்துப் பேட்டிக்குத் தயார் பண்ண வேண்டும், அதற்குத் தலைமை ஆசிரியையாக இருந்த நீங்கள்தான் சரி என்று மருமகள் சொன்னாள். ஐந்தாவது படித்தவளால் அது ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொண்டுதானே பெட்டியைக் கட்டினேன்.

கிளம்பும்போது சில்லுவைப் பற்றி ஒரு காகிதத்தில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வந்தேன். பாலில் ஆடை மிதந்தால் தொடமாட்டாள், தலை வாரும்போது இடது பக்கம் முதலில் பின்ன வேண்டும், அழுதால் தூக்கக்கூடாது, பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், இப்படிப் பத்து விஷயம். நேற்று மகன் போன் பண்ணிச் சிரிக்கிறான். "அம்மா, அத்தை உன் லிஸ்டுக்கு மார்க் போட்டிருக்காங்கம்மா. சிவப்புப் பேனாவுல. பத்துக்கு எட்டு."

அவன் சிரித்தான், நான் சிரிக்கவில்லை. நாலு வருஷம் வளர்த்ததைப் பத்து வரியில் எழுதிக் கொடுத்தேன். எட்டுத்தானா என்று கேட்கவில்லை. அந்த இரண்டு எதற்குப் போயிற்று என்றுதான் கேட்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். பொருட்படுத்த வேண்டாம்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் முட்டி வலிக்கு அந்த வீட்டுப் படி ஆகாது. சுவர்ப் பக்கமாகக் கையை வைத்து இறங்குங்கள், எட்டாவது படி ஆடும்.

இப்படிக்கு,
சில்லுவின் அப்பாவைப் பெற்றவள்


ஜூன் 15

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எட்டாவது படியை அதற்கு முந்தின நாளே தெரிந்துகொண்டேன், விழுந்து. பெரிதாக ஒன்றுமில்லை, முழங்கையில் சிராய்ப்புதான். உங்கள் கடிதம் ஒரு நாள் முன்னால் வந்திருக்கலாம்.

மார்க் போட்டதற்கு மன்னிக்க வேண்டும். முப்பத்திரண்டு வருடம் என் கையில் சிவப்புப் பேனா இருந்தது. ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதிய காகிதத்தைப் பார்த்தால் கை தானாகப் போய்விடுகிறது. போன வருடம் கடைச் சீட்டுக்கும் போட்டிருக்கிறேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "டீச்சர், நான் பாஸா"ன்னு கேட்டார். உங்களை எடை போட அல்ல. அந்த இரண்டு ஏன் குறைந்தது என்று கேட்டிருந்தீர்கள். யோசித்தேன். எனக்கே சொல்லத் தெரியவில்லை. ஏதோ ஒன்று விட்டுப்போன மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அடித்திருந்த வரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். அதுவும் தொழில் பழக்கம். 'புத்தகம் படித்தவர்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரிகிறதா பார்ப்போம்' என்று இருந்தது. பார்க்கலாம்.

பேட்டி ஆகஸ்ட் இரண்டாம் தேதி. நாற்பது இடத்துக்கு முந்நூறு பிள்ளைகளாம். எதிர்வீட்டுப் பையன் நாலு வயதில் உலகப் படத்தைப் பார்த்துக் கடல் பெயரெல்லாம் சொல்கிறான். என் மகள் அதைக் கேட்டுவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் தினமும் நாலிலிருந்து ஐந்தரை வரை சில்லுவைச் சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார வைத்துப் படம் காட்டிக் கேள்வி கேட்கிறேன். புத்திசாலிக் குழந்தை, சந்தேகமே இல்லை. ஆனால் பதில் சொல்ல நேரம் எடுக்கிறாள். புது இடம், புது ஆள் என்று வெட்கம் போலிருக்கிறது. அவள் பிறந்த வீடுதான் இது, புது ஆள் நான்தான். பழகிவிடும்.

அவள் உங்களை 'மடிப்புப் பாட்டி' என்கிறாள். எனக்குக் 'கண்ணாடிப் பாட்டி' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

தங்கள்,
சில்லுவின் அம்மாவைப் பெற்றவள்


ஜூன் 24

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

முழங்கைக்கு மருந்து போட்டீர்களா. சிராய்ப்பு என்று விட்டால் அது சீழ் பிடிக்கும்.

கடையில் நிலைமை மாறியிருக்கிறது. பழைய முதலாளி வீட்டோடு உட்கார்ந்துவிட்டார், இப்போது அவர் மகள்தான் பார்க்கிறாள். படித்த பெண், மரியாதை தெரிந்தவள். ஆனால் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருக்கிறாள். யார் இன்றைக்கு எத்தனை சட்டை போட்டார்கள் என்று சாயந்திரம் எழுதுவாள். ஆறு பேர் வேலை செய்கிறோம். முதல் வாரம் நான் நாலாவது. இரண்டாவது வாரத்திலிருந்து என் வரிதான் மேலே. பக்கத்து மேஜைக்காரி, என்னைவிட இருபது வயது சின்னவள், "பெரியம்மா, கொஞ்சம் மெதுவாப் போடுங்க, எங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க போலிருக்கே"ன்னு கிண்டல் பண்ணுகிறாள். நானும் சிரித்துக்கொண்டு, "உன் கை கழுத்துப் பட்டையிலேயே குடித்தனம் பண்ணுது, அதை நகத்துடி"ன்னு சொன்னேன். பெரிய மனுஷியாட்டம் புத்தி சொன்னேனே தவிர, பலகையில் மேலே இருக்கிறது எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது. பொய் சொல்வானேன்.

சில்லு பதில் சொல்ல நேரம் எடுக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. என்னிடம் வாய் ஓயாமல் பேசுவாள். அவளை நிறுத்தத்தான் நான் பாடுபட்டேன். உங்களிடம் ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத்தான் ஆயிரம் பிள்ளைகளை மேய்த்த அனுபவம்.

அவளோடு போனில் பேச மகன் கூப்பிட்டான். நான் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வந்த முதல் வாரம் இரண்டு தடவை பேசினேன். இரண்டு தடவையும், "எப்ப வருவே"ன்னு கேட்டு அழுதாள். அப்புறம் அவளைத் தேற்ற வேண்டியது நீங்கள்தானே. அதனால் பேசவில்லை.

இந்தக் கடிதத்திலும் ஒரு வரி எழுதினேன். இந்தத் தடவை அடிக்கவில்லை, காகிதத்தையே மாற்றிவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
சில்லுவின் அப்பாவைப் பெற்றவள்


ஜூலை 9

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

முழங்கை ஆறிவிட்டது. மற்றது எதுவும் சரியாக இல்லை.

சில்லு என்னிடம் பேசி இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. முதலில் பதில் சொல்ல நேரம் எடுத்தாள். அப்புறம் தலையை மட்டும் ஆட்டினாள். இப்போது அதுவும் இல்லை. எதிரே உட்கார வைத்து, "இது என்ன படம், சொல்லு கண்ணு"ன்னு கேட்டால் மேஜையின் மூலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கெஞ்சிப் பார்த்தேன், மிட்டாய் காட்டினேன், ஒரு நாள் குரலை உயர்த்தியும் பார்த்தேன். அன்றைக்கு அவள் உதடு உள்ளே மடங்கிய விதத்தைப் பார்த்த பிறகு எனக்கே என்மேல் வெறுப்பாகிவிட்டது. அவள் அம்மாவிடமும் இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை. என் மகள் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, "இன்னிக்காவது பேசினாளாம்மா"ன்னு குழந்தை காதுபடக் கேட்கிறாள். கேட்காதே என்றால், "நாற்பது இடம்மா, நாற்பதே இடம்"கிறாள்.

டாக்டரிடம் காட்டினோம். காது நன்றாகக் கேட்கிறதாம். பேச்சுப் பயிற்சி கொடுப்பவரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். இப்போது போகிற சின்னப் பள்ளியில் 'மந்தம்' என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். நானும் என் காலத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்த வார்த்தையை எழுதியிருக்கிறேன். அது ஒரு வீட்டுக்குள் வந்தால் எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. நேற்று மத்தியானம் குளியலறைக் குழாயைத் திறந்து வைத்துவிட்டு அழுதேன். அறுபது வயதில் இது என்ன கூத்து.

இதை எழுத எனக்கு எளிதாக இல்லை. உங்களுக்கு அது புரியும், நீங்களும் என்னைப் போலத்தான். ஆயிரம் பிள்ளைகளை மேய்த்தவள் என்று குத்தினீர்களே, அந்த ஆயிரத்தில் ஒருத்தியையும் நான் வளர்க்கவில்லை. என் மகளையே என் அம்மாதான் வளர்த்தாள். நான் பாடம் நடத்தினேன். உங்களிடம் இவள் எப்படிப் பேசினாள்? நீங்கள் என்ன செய்வீர்கள்? தெரிந்தால் சொல்லுங்கள். நீங்கள் ஜெயித்ததாகவே இருக்கட்டும்.

தங்கள்,
சில்லுவின் கண்ணாடிப் பாட்டி


ஜூலை 14

அன்புள்ள அண்ணி,

சம்பந்தியம்மா என்று எழுத ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு இதை எழுத முடியாது.

எனக்குத் தெரியவில்லை என்று போன கடிதத்தில் எழுதினேன். எனக்குத் தெரியும். அந்தப் பத்து வரிக்குக் கீழே பதினொன்று என்று எண் போட்டேன். போட்டுவிட்டுப் பேனாவை மூடினேன். அப்புறம் அந்த எண்ணைக் கத்தரித்துவிட்டுத்தான் ஒட்டினேன். காகிதத்தின் அடிப்பக்கம் கோணலாக இருக்கும், பாருங்கள். இரண்டு மார்க் குறைத்தீர்களே, நியாயமாகப் பார்த்தால் பத்தையும் எடுத்திருக்க வேண்டும்.

சில்லுவை முகத்தைப் பார்த்துக் கேட்கக்கூடாது. அவ்வளவுதான் விஷயம். அவளுக்கு மூன்று வயது இருக்கும்போது ஒரு பீங்கான் கப் உடைந்தது. எதிரே உட்கார வைத்து, "யாரு உடைச்சா"ன்னு கேட்டேன். அரை மணி நேரம் கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். சரி போ என்று விட்டுவிட்டுத் துவைத்த காலுறைகளை மடிக்க உட்கார்ந்தேன். அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒன்றை எடுத்துச் சுருட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, "பாட்டி, கப்பு என் கையிலேர்ந்து குதிச்சிருச்சு"ன்னாள். நானும் திரும்பிப் பார்க்காமல், "குதிக்கிற கப்பு நமக்கு எதுக்கு, போகட்டும்"னேன். அன்றைக்குப் பிடித்துக்கொண்டேன். அதிலிருந்து நான் அவளிடம் எதுவும் எதிரே உட்கார்ந்து கேட்டதில்லை. பக்கத்தில் உட்கார வேண்டும். இரண்டு பேர் கையிலும் வேலை இருக்க வேண்டும், கண் வேலையில் இருக்க வேண்டும். துணி மடிக்கலாம், பயறு பொறுக்கலாம், எதுவானாலும் சரி. கேள்வி கேட்கக்கூடாது. நீங்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள். அவள் நடுவில் புகுந்து சொல்லுவாள். சொன்னதும் ஆகா ஓகோ என்று கொண்டாடக்கூடாது, உடனே மூடிக்கொள்வாள். 'ம்' போதும்.

ஏன் எழுதாமல் விட்டேன் என்று கேட்பீர்கள். இது எனக்கும் அவளுக்கும் நடுவில் மட்டும் இருக்கட்டும் என்று ஒரு ஆசை. அது பாதி. மீதிப் பாதி நல்ல நினைப்பில்லை. இது தெரியாவிட்டால் உங்களால் முடியாது, முடியாவிட்டால் என்னைக் கூப்பிடுவார்கள்.

கூப்பிடவும் செய்தான். பன்னிரண்டாம் தேதி காலையில் மகன் போன் பண்ணினான். "அம்மா, நீ வந்தா பேசுவாளோன்னு தோணுது"ன்னான். பார்க்கலாம்ப்பா என்று வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். அன்றைக்கு என் கை பறந்தது அண்ணி. பலகையில் அதற்கு முன்னால் யாரும் எழுதாத எண்ணிக்கை. பக்கத்து மேஜைக்காரி, "என்ன பெரியம்மா, லாட்டரி விழுந்துச்சா"ன்னு கேட்டாள். சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம் கிடந்தது. ஒன்பது நாள் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு மேல் படிக்க முடியாமல் மடித்து வைத்தேன். நான் சந்தோஷமாக இருப்பதற்காக அந்தக் குழந்தை ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருந்திருக்கிறது. உதடு உள்ளே மடங்கினதை நீங்கள் பார்த்தீர்கள். நான் மடக்கிவிட்டு வந்தேன்.

அவள் மந்தமில்லை. பேச்சுப் பயிற்சிக்காரரிடம் கூட்டிப் போவதானால் போங்கள், தப்பில்லை, ஆனால் அவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

திட்ட வேண்டுமானால் திட்டி எழுதுங்கள். அடிக்காமல் எழுதுங்கள்.

உங்கள்,
மடிப்புப் பாட்டி


ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது, வரவில்லை என்று சொல்லமாட்டேன். பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாகவே திட்டியிருந்தேன். அப்போது துவைக்கிற இயந்திரம் நின்ற சத்தம் கேட்டது. துணியை உருவிக்கொண்டு வந்து கட்டிலில் கொட்டி, சில்லுவைக் கூப்பிடாமல், நானே மடிக்க ஆரம்பித்தேன். அவள் வந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். நான் சின்ன வயதில் நோட்டுக்கு அட்டை போடத் தெரியாமல் அழுத கதையைச் சுவரிடம் சொல்வது போலச் சொன்னேன். பாதியில், "எனக்கு அந்தப் படத்துல இருக்கிற மிருகம் தெரியும். நீங்க கேட்டப்ப அது வாயில வரலை"ன்னாள்.

'ம்' என்றேன். அந்த ஒரு எழுத்தைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முப்பத்திரண்டு வருடம் 'வெரி குட்' சொன்ன வாய்.

அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். அதிலிருந்து தினமும் நாலிலிருந்து ஐந்தரை வரை துணிதான். மடிக்கத் துணி இல்லாத நாளில் மடித்ததைக் கலைத்துவிட்டு மறுபடி மடிக்கிறோம். உங்கள் மகன், "அத்தை, இந்த ஒரு சட்டையையே மூணு நாளா மடிக்கிறீங்களே"ன்னு சிரிக்கிறார். பேச்சுப் பயிற்சிக்காரர் நல்ல மனிதர். நீங்கள் எழுதியதைச் சொன்னேன். "இதை யார் கண்டுபிடிச்சது"ன்னு கேட்டார். "என் சம்பந்தி, அஞ்சாவது வரை படிச்சவங்க"ன்னேன். இந்த ஒரு தடவை வந்ததே போதும் என்று அனுப்பிவிட்டார்.

பேட்டி நடந்தது. கண்ணாடிக் கதவு போட்ட அறை. உள்ளே நீளமான மேஜை, மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் ஒரு சின்ன நாற்காலி. நான் உள்ளே போய், தயவு செய்து ஒருவர் மட்டும் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்க முடியுமா என்று கேட்டேன். "எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே முறைதான் மேடம்"னாங்க. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் மேஜையின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடம் கிடைக்கவில்லை. எதிர்வீட்டுப் பையனுக்குக் கிடைத்தது. என் மகள் காரில் வரும்போதே ஆரம்பிக்கப் போனாள். நான் அவள் தோளில் கையை வைத்து, "இப்ப வேண்டாம். வீட்டுக்குப் போய் என்னைத் திட்டு, எவ்வளவு வேணும்னாலும் திட்டு"ன்னேன். அப்படியே திட்டினாள். அப்புறம் அவளும் வந்து துணி மடிக்க உட்கார்ந்தாள். சில்லு எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தாள். "அந்த ரூம்ல ஃபேன் மெதுவா சுத்திச்சு. பன்னிரண்டு வரைக்கும் எண்ணினேன்"ன்னாள். என் மகள் என்னைப் பார்த்தாள். 'ம்' சொல்லு என்று கண்ணைக் காட்டினேன். சொன்னாள். பக்கத்துத் தெருப் பள்ளியில் சேர்த்தாகிவிட்டது. நடந்தே போகலாம்.

இப்போது முக்கியமான விஷயம். நான் எந்த வேலைக்காக இங்கே வந்தேனோ அது நடக்கவில்லை. அதனால் கிளம்புகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அந்த அறை உங்களுடையது. மாப்பிள்ளை உங்களுக்குப் போன் பண்ணுவார். சரி என்று சொல்லுங்கள். மாத முடிவில் நான் புறப்பட்டால் நீங்கள் அடுத்த நாளே வரலாம்.

இன்னொன்று. நேற்று மடித்துக்கொண்டிருக்கும்போது, "மடிப்புப் பாட்டிக்கு என் மேல கோவமா, பேசவே மாட்டேங்குறாங்க"ன்னு சில்லு கேட்டாள். நீங்கள் போன் பண்ணாததை இத்தனை நாள் நான் உங்கள் கர்வம் என்றுதான் நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மட்டும் கூப்பிடுங்கள். எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள்,
கண்ணாடிப் பாட்டி


ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணி,

மகன் போன் பண்ணினான். "வர்றியாம்மா"ன்னான். ஞாயிற்றுக்கிழமை கழித்துச் சொல்கிறேன் என்றேன். மறைப்பானேன், அன்றைக்கு மேலே இருந்த பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டேன். போனைச் சுவரில் சாய்க்காமல் மேஜையில் படுக்க வைத்தேன். நீங்களும் அப்படியே வைத்தீர்கள் போலிருக்கிறது. எனக்கு உங்கள் மின்விசிறி தெரிந்தது, அவளுக்கு என் வீட்டுக் கூரை தெரிந்திருக்கும். நான் எதுவும் கேட்கவில்லை. பனியன்களை எடுத்துப் போட்டுக்கொண்டு, கடையில் ஒருத்தர் சட்டைப் பையில் பல் செட்டை வைத்தபடியே சலவைக்குப் போட்ட கதையைச் சொன்னேன். அந்தப் பக்கம் துணி உதறுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஆரம்பித்தாள்.

நாற்பது நிமிஷம் பேசினாள் அண்ணி. அதில் முப்பத்தைந்து நிமிஷம் உங்களைப் பற்றி. கண்ணாடிப் பாட்டி நடந்தா முட்டி டக்குன்னு சத்தம் போடும். கண்ணாடிப் பாட்டி கண்ணாடியைத் தலையில வச்சுக்கிட்டே தேடுவாங்க. புது ஸ்கூல் கேட்டுக்குப் போற வரைக்கும் கைபிடிக்காம பக்கத்துல நடந்து வருவாங்க, அப்பத்தான் நான் எல்லாம் சொல்லுவேன். நான் 'ம்' போட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கு அதில் நல்ல பழக்கம் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு ஒரே பனியனை மூன்று தடவை உதறி மடித்தேன். எப்ப வருவே என்று அவள் கேட்கவில்லை. நான் அதற்காகக் காத்திருந்தேன், அதனால் நன்றாகத் தெரியும், கேட்கவில்லை.

அதனால் நான் வரவில்லை. பெட்டியை மறுபடி மேலே ஏற்றிவிட்டேன்.

நீங்கள் கிளம்புகிறேன் என்று எழுதியது பெரிய மனசு. ஆனால் அவள் ஒரு ஆளிடம் வாயைத் திறக்க ஒன்றரை மாதம் ஆகியிருக்கிறது. திறந்ததும் அந்த ஆளைப் பிடுங்கி எடுத்துவிட்டு நான் வந்து உட்கார்ந்தால், திறந்தது தப்பு என்றுதான் அவளுக்குப் படும். நாற்பதில் ஒரு இடம் கிடைக்கவில்லை என்று நீங்கள் போக வேண்டியதில்லை. நீங்கள் அந்த வீட்டுக்கு வந்தது எந்த வேலைக்காகவோ இருக்கட்டும், இப்போது அங்கே இருப்பது வேறு வேலைக்காக. இது நான் விட்டுக்கொடுத்தது என்று நீங்கள் நன்றி எழுத வேண்டாம். எழுதினால் எனக்கு அழுகை வரும், அப்புறம் உங்களிடம் ஏதாவது சண்டைக்கு வருவேன். மருமகளிடமும் சொல்லிவிட்டேன். நீண்ட விடுமுறையில் பத்து நாள் வருகிறேன். எனக்குக் கட்டில் வேண்டாம், கூடத்தில் படுத்துக்கொள்வேன்.

கடையில் அந்தப் பலகை இன்னும் இருக்கிறது. பக்கத்து மேஜைக்காரிக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. அவள் குவியலிலிருந்து அவள் பார்க்காதபோது நாலைந்து எடுத்துப் போட்டு, மடித்ததை அவள் பக்கமே வைக்கிறேன். இதை உங்களிடம் சொன்னதே பெருமைதான். பரவாயில்லை, ஒருத்தரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. போனை வைக்கும் முன் சில்லு சொன்னாள், "கண்ணாடிப் பாட்டி மடிச்சா மூலை கூரா அழகா இருக்கு, நோட்டு அட்டை மாதிரி. உன்னுது மாதிரி இல்லை"ன்னு. முப்பது வருஷமாக இந்தக் கையால் துணி மடிக்கிறேன். இந்த ஊரில் என்னைவிட நன்றாக மடிக்கிறவள் பிறக்கவில்லை. "அப்படியாடி, எப்படி மடிக்கிறாங்க"ன்னு கேட்டேன். கேள்வி கேட்கக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த நானே கேட்டுவிட்டேன். ஆனால் அவள் மூடிக்கொள்ளவில்லை. "முதல்ல ஓரத்தை உள்ள தள்ளணும், அப்புறம்..."னு நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள். நான் மடித்து அடுக்கியிருந்ததில் ஒரு பனியனைக் கலைத்து, அவள் சொல்லச் சொல்ல மடித்துப் பார்த்தேன். எனக்கு வரவில்லை. "பரவாயில்ல பாட்டி, அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி சொல்லித்தரேன்"ன்னாள்.

உங்கள் அண்ணி